1737 முதல்... யார் சொன்னது?

"உலகத்தின் இரண்டாவது பழைய கடிகாரக் கம்பெனி ஃபேவர்-லூபா. 1737இல் இருந்து கடிகாரம் செய்துகிட்டு வர்றாங்க. அவங்க பாக்கெட் வாட்ச் கையில் இருந்தா அது சொத்துடா!"

இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் இதே வசனத்தை என்னிடம் ஒப்பித்துவிட்டார்கள். ஒருவன் வகுப்புத் தோழன். ஒருவர் அரபு நாட்டிலிருந்து லீவில் வந்திருக்கும் உறவுக்காரர். இன்னொருவர் இணையத்தில் பழைய கடிகாரம் விற்கும் முகம் தெரியாத ஆசாமி. மூன்று பேர் முகத்திலும் (ஆசாமியின் எழுத்திலும்) ஒரு பக்திப் பரவசம். கோவில் தல வரலாறு சொல்பவர்கள்கூட இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டார்கள்.

எனக்குக் கடிகாரங்கள் மீது வெறுப்பு எதுவும் இல்லை. சாவி கொடுத்தால் ஓடுகிற எந்தச் சாமானையும் எனக்குப் பிடிக்கும். என் சண்டை அந்த நாலு இலக்கத்தோடுதான். 1737 என்பது ஒரு கம்பெனியின் வயது இல்லை. அது ஒரு விற்பனைச் சரக்கு. கத்தரிக்காய் மாதிரி வாங்கலாம், விற்கலாம், கை மாற்றலாம். நடுவில் பல வருடம் கிடப்பிலும் போடலாம். அப்படித்தான் நடந்தும் இருக்கிறது. அந்தச் சரக்கை வாங்கியவர்களில் நம்ம ஓசூர்க்காரர்களும் உண்டு என்பதுதான் வேடிக்கை. அதற்குப் பிறகு வருகிறேன்.

1737இல் என்ன நடந்தது? சுவிட்சர்லாந்தில், ஜூரா மலைப்பக்கம் லே லோக்ல் என்ற ஊர். அங்கே ஆபிரகாம் ஃபேவர் என்றொருவர் கடிகாரம் செய்பவராக அந்த வருட ஆவணம் ஒன்றில் பதிவாகி இருக்கிறார். அவ்வளவுதான். கம்பெனி இல்லை, ஆலை இல்லை, 'ஃபேவர்-லூபா' என்ற பெயரும் இல்லை. லூபா குடும்பம் வந்து சேர்ந்து இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டது 19ஆம் நூற்றாண்டில். அதாவது அந்தப் பெயரைவிட அந்தப் பெயரின் வயது அதிகம்! நம் பக்கத்து ரஞ்சன்குடிக் கோட்டை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாளைக்கு யாராவது 'ரஞ்சன்குடி பிஸ்கட், 17ஆம் நூற்றாண்டு முதல்' என்று பாக்கெட் போட்டு விற்றால் நாம் சிரிப்போமா மாட்டோமா? சுவிட்சர்லாந்துக்காரர் சொன்னால் மட்டும் ஏன் தலையாட்டுகிறோம்?

அந்தக் காலத்தில் பாக்கெட் கடிகாரம் எப்படித் தயாரானது என்று தெரிந்தால் இந்தப் பக்தி பாதி கரைந்துவிடும். ஜூரா மலையில் குளிர்காலத்தில் பனி மூடிவிடும், விவசாயம் நடக்காது. பண்ணை வீடுகளில் ஜன்னலோரம் உட்கார்ந்து குடும்பத்தோடு உதிரிபாகம் செய்வார்கள். ஒரு வீட்டில் பல்சக்கரம் மட்டும். இன்னொரு வீட்டில் திருகாணி மட்டும். வேறொரு வீட்டில் பெண்கள் டயலுக்கு எனாமல் பூசுவார்கள். ஊரில் இருக்கும் வியாபாரி எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்து, பூட்டவைத்து, டயலில் தன் பெயரைப் போட்டு விற்பார். பிரெஞ்சு மொழியில் இதற்கு எதாப்லிசாஜ் என்று பெயர். பிற்காலத்தில் அரைகுறையாக முடிந்த இயந்திரத்தையே மொத்தமாகச் செய்துதரும் ஆலைகளும் வந்துவிட்டன. ஃபோந்தென்மெலோன் என்ற ஊரில் அப்படி ஒரு ஆலை 1793இலேயே தொடங்கியது. நூற்றுக்கணக்கான பெயர்கள் அந்த மாதிரி இயந்திரத்தை வாங்கி, மெருகேற்றி, தங்கள் பெயரைப் பொறித்தன.

ஆக, டயலில் இருக்கும் பெயர் பெரும்பாலும் செய்தவர் பெயர் அல்ல. விற்றவர் பெயர். இதை நான் கேவலமாகச் சொல்லவில்லை (வணிகவியல் படிக்கிறவன் வியாபாரியைத் திட்டினால் சோறு கிடைக்காது). சரக்கைச் சேர்ப்பதும், கடன் கொடுப்பதும், கப்பலேற்றுவதும் வேலைதான். ஆனால் அதற்கு 'கடிகாரம் செய்த வரலாறு' என்று பெயர் வைக்கக்கூடாது.

நம் நாட்டுக்குள் வந்தது இன்னும் வெளிப்படையான கதை. சென்னை மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் 1849இல் இருந்து கடிகாரம் விற்றது. டயலில் 'மதராஸ்' என்றே இருக்கும். உள்ளே இருக்கும் இயந்திரம் மதராஸில் பிறந்ததல்ல, சீமையில் இருந்து வந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை போட்ட வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியும் அப்படித்தான். குதிரைப்படை வீரன் என்று அர்த்தம் வரும்படி 'சவார்' என்று மாடலுக்குப் பெயர் வைத்து, சுவிஸ் இயந்திரத்தைப் பட்டாளத்துக்காரர்களிடம் விற்றார்கள். ஃபேவர்-லூபாவும் 1860களிலேயே இந்தியச் சந்தையைப் பிடித்துவிட்டது. அந்தக் குடும்பத்தின் ஃப்ரிட்ஸ் ஃபேவர் ஊர் ஊராகக் கப்பலில் சுற்றிய மனிதர். அவரைப் போற்றுவதென்றால் நானும் வருகிறேன், நல்ல சேல்ஸ்மேன்!

எங்கள் ஊரில் வாட்ச் பெயர் என்றால் ஒரு தனி மரியாதை உண்டு. வெள்ளாற்றங்கரையில் இருந்து கடல் தாண்டிப் போனவர்கள் திரும்பி வரும்போது மணிக்கட்டில் மின்னியதுதான் அவர்கள் சம்பாத்தியத்தின் முதல் சாட்சி. நேரம் தெரிந்துகொள்ளப் பள்ளிவாசல் கடிகாரம் இருந்தது, பாங்கு இருந்தது. வாட்ச் கட்டியது மற்றவர்கள் பார்க்க. 'சீக்கோவா, சிட்டிசனா, ஃபேவர் லூபாவா?' என்று கேட்டே ஆளை எடைபோட்டுவிடுவார்கள். டயலைத் திறந்து உள்ளே பார்த்தவர் ஊரில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார், ரிப்பேர்க்காரர்.

என் அத்தாவின் பாட்டனார் வைத்திருந்த பாக்கெட் கடிகாரம் ஒன்று எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. டயலில் ஃபேவர்-லூபா, அதற்குக் கீழே பம்பாய். கண்ணாடியில் ஒரு கீறல், நொடிமுள் இல்லை. சங்கிலி எப்போதோ வேறு யார் கழுத்துக்கோ போய்விட்டது. மேலே சொன்ன இணைய ஆசாமி புகைப்படத்தைப் பார்த்துவிட்டு நல்ல விலை சொன்னார். உடனே இரண்டு நிபந்தனை: டயலை அவரே 'புதுசு பண்ணிக்கொள்வார்', விளம்பரத்தில் 1737 என்று போட்டுக்கொள்வார். உள்ளே இருக்கும் இயந்திரத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை! அது ஓடுகிறதா என்றுகூட!

சந்தேகம் வந்து ரிப்பேர்க் கடைக்கு எடுத்துப் போனேன். பெரியவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியை நெம்பித் திறந்தார். பித்தளைத் தட்டு, பேலன்ஸ் வீல், ஒரு மயிரிழை ஹேர் ஸ்பிரிங். அவர் முதலில் பார்த்தது பெயரை அல்ல. பேலன்ஸ் வீலின் அச்சு உடைந்திருக்கிறதா என்று பார்த்தார். "பேரு மேலே எழுதுறதுதான் தம்பி. மெஷினை வேற ஆளுங்க செஞ்சிருப்பாங்க. அப்பல்லாம் எல்லா கம்பெனியும் அப்படித்தான்" என்றார். சுவிஸ் கடிகார வரலாறு முழுவதையும் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார் மனுஷன்.

நியாயமாகப் பேசவேண்டும் என்றால் இதையும் சொல்லியாகவேண்டும். ஃபேவர்-லூபா ஒரு காலத்தில் நிஜமாகவே செய்தது. 1960களில் தன் சொந்த இயந்திரங்களை உருவாக்கியது. 1962இல் வந்த 251 என்ற இயந்திரத்தில் ஒன்றுக்கு இரண்டு சுருள்வில் பெட்டிகள், ஆனாலும் தடிமன் 3 மில்லிமீட்டருக்குள். அதே வருடம் பிவ்வாக் என்ற கைக்கடிகாரத்தில் காற்றழுத்தமானியை வைத்து மலையேறுபவர்களுக்கு உயரம் காட்டியது. 1968இல் பாத்தி, தண்ணீருக்குள் ஆழம் காட்டியது. பெருமைப்படவேண்டிய வேலை இது. இதைச் செய்த மனிதர்கள் 1962இல் சம்பளம் வாங்கியவர்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரவேண்டியது 1962. வருவது 1737. ஏனென்றால் நிஜமான வேலையைவிட வயது நன்றாக விற்கிறது.

அப்புறம் என்ன ஆயிற்று? 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ, ஆஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. பேட்டரி போட்டால் போதும், சாவி கொடுக்கவேண்டாம், நேரமும் துல்லியம். சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1970வாக்கில் சுமார் 90,000 பேர் வேலை பார்த்தார்கள். 1980களின் நடுவில் எஞ்சியது சுமார் 30,000. மூன்றில் இரண்டு பேர் வீட்டுக்குப் போனார்கள். ஃபேவர் குடும்பமும் 1980களில் கம்பெனியைக் கைவிட்டது. அதன் பிறகு பெயர் மட்டும் ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்கு உருண்டுகொண்டே இருந்தது. ஆட்கள் போனார்கள், லேத்துகள் போயின, பழக்கம் போயிற்று. 1737 மட்டும் போகவில்லை. அதற்குச் சம்பளம் தரவேண்டியதில்லையே.

ஃபேவர்-லூபா தனி உதாரணம் என்று நினைக்காதீர்கள். 'முதலாவது பழைய கம்பெனி' என்று சொல்லிக்கொள்ளும் பிளாங்பான் (1735) கதை இன்னும் சுவாரசியம். தூங்கிக்கிடந்த அந்தப் பெயரை 1983இல் ழான்-குளோத் பீவேரும் ழாக் பிகேயும் சுமார் 22,000 சுவிஸ் ஃபிராங்குக்கு வாங்கினார்கள். '1735 முதல் நாங்கள் குவார்ட்ஸ் செய்ததே இல்லை' என்று விளம்பரம் செய்தார்கள். (உண்மைதான். தூங்குகிறவன் குவார்ட்ஸ் எப்படிச் செய்வான்?) 1992இல் சுமார் 6 கோடி ஃபிராங்குக்கு விற்றார்கள். ஒன்பது வருடத்தில் நல்ல கடிகாரங்களும் செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த 22,000 ஃபிராங்கில் அவர்கள் வாங்கியது என்ன? ஒரு சொல், ஒரு வருடம்.

இனி ஓசூருக்கு வருவோம். டைட்டன் 1984இல் தொடங்கியது. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து போட்ட கம்பெனி. இன்றைக்கும் அதில் டிட்கோவின் பங்கு 27 சதவீதத்துக்கு மேல். 2011 நவம்பரில் இந்த டைட்டன், ஃபேவர்-லூபா பெயரை 20 லட்சம் யூரோவுக்கு, அன்றைய மதிப்பில் சுமார் 13.8 கோடி ரூபாய்க்கு வாங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த நாளில் இருந்து 1737இன் பங்காளிகளில் ஒருவர் தமிழ்நாடு அரசு! ஆபிரகாம் ஃபேவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் ஓசூர் சிப்காட்டுக்கு ஒரு சலாம் போட்டிருப்பார்.

வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? சுவிட்சர்லாந்தில் ஆபீஸ் போட்டு, 2016இல் பாசல் கண்காட்சியில் புது மாடல்களை இறக்கினார்கள். எல்லாம் சுவிஸ் மேட். (இந்த 'சுவிஸ் மேட்' முத்திரைக்கும் ஒரு கணக்கு உண்டு. 2017 முதல் அந்நாட்டுச் சட்டப்படி உற்பத்திச் செலவில் 60 சதவீதம் அங்கே ஆனால் போதும்.) வியாபாரம் எடுபடவில்லை. முதலீட்டின் மதிப்பைக் குறைத்து எழுதினார்கள். 2020வாக்கில் கடையைக் கட்டினார்கள். பிறகு 2023இல் பெயர் எத்தோஸ் குழுமத்தின் கைக்குப் போனது. 2024இல் மறுபடி புது மாடல்கள், மறுபடி அதே 1737.

இதில் எனக்குப் பொறுக்காதது நஷ்டம் அல்ல. வியாபாரத்தில் நஷ்டம் வரும். பொறுக்காதது, ஓசூரின் வெட்கம். இதே டைட்டன் 2002இல் எட்ஜ் என்ற கடிகாரத்தைக் கொண்டுவந்தது. மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளே இருந்த குவார்ட்ஸ் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். நம்ம ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள், பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஆலைக்கு வந்து தொழில் பழகியவர்கள் பூட்டிய கடிகாரங்கள் அங்கிருந்து கோடிக்கணக்கில் போயிருக்கின்றன. கிராமத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் மெடோ என்ற அமைப்பு டைட்டனுக்கு உதிரிபாக வேலை செய்துதருகிறது. அந்த ஜூரா மலைப் பண்ணை வீடுகளின் கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆனால் டயலின் முகத்தில் 'ஓசூர்' என்ற சொல்லை நான் இதுவரை பார்த்ததில்லை. லே லோக்ல் என்று போட்டால் பெருமை, ஓசூர் என்று போட்டால் மதிப்புக் குறைந்துவிடுமா? யாரோ ஒருவருடைய 1737ஐ 13.8 கோடிக்கு வாங்குகிறவர்கள், தங்களுடைய 1984ஐச் சும்மாவே எழுதியிருக்கலாம்.

இங்கேதான் என் பாடப்புத்தகம் வருகிறது. தூங்கிவிடாதீர்கள், சின்ன விஷயம்தான்.

கணக்குப்பதிவியல் தரம் 26 என்று ஒன்று உண்டு. பெரிய கம்பெனிகளுக்கு இப்போது இந்திய கணக்குத் தரம் 38. இரண்டும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. ஒரு கம்பெனி தானே உழைத்து வளர்த்த பிராண்டு பெயரை இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்டக்கூடாது. வெளியே இருந்து காசு கொடுத்து வாங்கிய பிராண்டைக் காட்டலாம். அளக்கமுடியாத ஒன்றுக்கு வாய்க்கு வந்த மதிப்பை எழுதி ஏமாற்றாமல் இருக்கத்தான் இந்த விதி. விதியில் தப்பில்லை. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். நூறு பேர் நாற்பது வருடம் உழைத்துச் சம்பாதித்த நல்ல பெயருக்குக் கணக்கில் பூஜ்யம். அடுத்தவன் வீட்டுப் பழைய பெயருக்கு, கொடுத்த விலை. நம் பொதுப்புத்தியும் அச்சு அசலாக இதே விதிப்படிதான் ஓடுகிறது. வாங்கியதுதான் பாரம்பரியம், செய்தது வெறும் வேலை!

அந்தப் பூஜ்யத்துக்கு உதாரணம் எச்.எம்.டி. பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு கடிகார ஆலை தொடங்கினார்கள். ஜனதா, பைலட், சோனா, ஜவான், காஞ்சன்... தாத்தாக்களின் கையைத் தேடிப் பாருங்கள், ஒன்றாவது அகப்படும். துமகூரு, ஸ்ரீநகர், ராணிபாக் என்று ஆலைகள் பெருகின. பார்வையற்றவர்கள் தடவிப் பார்த்து நேரம் சொல்லும் பிரெய்ல் கடிகாரம் செய்தார்கள். 17 கல் வைத்த பாக்கெட் கடிகாரமும் செய்தார்கள். இந்தியாவில் டயலில் போட்ட பெயரும் உள்ளே இருந்த இயந்திரமும் ஒரே ஆலையைச் சேர்ந்ததாக, அவ்வளவு பெரிய எண்ணிக்கையில், முதன்முதலாக நடந்தது அங்கேதான். 2016 ஜனவரி 6 அன்று மத்திய அமைச்சரவை எச்.எம்.டி. வாட்சஸையும் ஸ்ரீநகர் ஆலையை நடத்திய எச்.எம்.டி. சினார் வாட்சஸையும் மூட ஒப்புதல் கொடுத்தது. கூடவே பேரிங் கம்பெனியையும் சேர்த்து மூடும் செலவு 427.48 கோடி. துமகூரு ஆலையின் நிலம் இஸ்ரோவுக்குப் போனது.

"நஷ்டத்தில் ஓடிய கம்பெனியை மூடாமல் என்ன செய்வது? டைட்டன் வந்து ஜெயித்தது, இவர்கள் தூங்கினார்கள்" என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். எச்.எம்.டி. குவார்ட்ஸ் செய்யாமல் இல்லை, 1980களின் தொடக்கத்திலேயே செய்தது. ஆனால் அதை நம்பி இறங்கவில்லை. கடைகள் மாறின, வாங்குகிறவன் ரசனை மாறியது, இவர்கள் மாறவில்லை. வருடக்கணக்கில் நஷ்டம். அதை எந்த மாணவனும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஒரு கேள்வி. குவார்ட்ஸுக்கு முன்னால் தோற்று விழுந்தவர்கள்தானே பிளாங்பானும் ஃபேவர்-லூபாவும்? அவர்கள் தோற்றால் 'புராதனப் பெருமை', எச்.எம்.டி. தோற்றால் 'அரசாங்க ஊதாரித்தனம்'. ஒரே பரீட்சையில் பெயிலான இரண்டு பேரில் ஒருவனுக்கு மட்டும் மாலை போடுவது எந்த ஊர் நியாயம்?

மாலை போடாததுகூடப் பரவாயில்லை. மூடிய பிறகு எச்.எம்.டி.க்கு நடந்தது கொள்ளை. ரிப்பேர்க் கடைகளின் குப்பையில் இருந்து இயந்திரங்களைப் பொறுக்கி, கம்பெனி கனவிலும் செய்யாத நிறங்களில் டயல் அச்சடித்து, 'அரிய பழைய எச்.எம்.டி.' என்று இணையத்தில் விற்கிறார்கள். ஊதா நிற பைலட்! ஆரஞ்சு ஜனதா! எங்கள் வீட்டுக் கடிகாரத்தின் டயலை 'புதுசு பண்ண' நினைத்த ஆசாமியும் இதே ஜாதிதான். பெரிய ஆட்கள் 1737ஐ முறைப்படி பத்திரம் போட்டு வாங்குகிறார்கள், சின்ன ஆட்கள் பத்திரம் இல்லாமல் அச்சடிக்கிறார்கள். இரண்டு பேருக்கும் மூலதனம் ஒன்றுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் கேட்காதது.

இதைச் சொன்னதும் வகுப்பில் ஒருவன் மடக்கினான். "பேரை யாரும் வாங்கலைன்னா அது செத்துப்போயிருக்கும். இப்ப அந்தப் பேரில் நாலு பேருக்காவது வேலை கிடைக்குதே, அதில் உனக்கு என்ன எரிச்சல்?" நல்ல கேள்வி. பெயரை வாங்கட்டும். அந்தப் பெயரில் நல்ல கடிகாரமும் செய்யட்டும். 'இந்தப் பெயரை 2011இல் வாங்கினோம், நாங்கள் புது ஆட்கள், எங்கள் வேலையைப் பாருங்கள்' என்று சொல்லட்டும். வாங்குகிறவனுக்கு விவரம் தெரிந்தால் என் எரிச்சல் அடங்கிவிடும். வெட்டுப்பட்ட கயிற்றில் முடிச்சுப் போட்டுவிட்டு, முடிச்சை மறைத்து 'ஒரே கயிறு' என்று விற்பதைத்தான் சொல்கிறேன்.

சட்டம் இதற்கு வசதி செய்துகொடுத்திருக்கிறது. நம் நாட்டின் வணிகக் குறிகள் சட்டம், 1999, 38ஆம் பிரிவின்படி பதிவு பெற்ற பெயரைத் தொழிலின் நற்பெயரோடும் விற்கலாம், நற்பெயர் இல்லாமலும் விற்கலாம். அதாவது செய்தவர்களை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டு போகலாம். அதே 1999இல் இன்னொரு சட்டமும் வந்தது, புவிசார் குறியீடுகள் சட்டம். அதன் 24ஆம் பிரிவு நேர் எதிர்: இந்தப் பெயரை யாருக்கும் விற்கமுடியாது, எழுதிக்கொடுக்கமுடியாது, அடகு வைக்கமுடியாது.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாளைக்கு எந்தக் கோடீஸ்வரர் வந்து எத்தனை கோடி கொடுத்தாலும் 'அரும்பாவூர்' என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு போய் வேறு எங்கோ செய்த பொம்மையில் ஒட்டமுடியாது. உளி பிடிக்கிறவர்கள் அங்கே இருக்கிறவரைதான் அந்தப் பெயருக்கு உயிர். எனக்குத் தெரிந்து கடிகாரக்காரர்கள் சொல்லும் 'பாரம்பரியம்' என்ற சொல்லுக்கு இதுதான் சரியான பொருள். அரும்பாவூர்ச் சிற்பி எந்த வருடம் முதல் என்று பலகை மாட்டுவதில்லை. மாட்டவேண்டிய அவசியமும் இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் பீரோவில், டிரங்குப் பெட்டியில் ஒரு பாக்கெட் கடிகாரம் கிடக்கலாம். விற்பதற்கு முன்னால் ஒரு நல்ல ரிப்பேர்க்காரரிடம் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். (நீங்களே கத்தியை விட்டு நெம்பாதீர்கள், ஹேர் ஸ்பிரிங் போனால் போனதுதான்.) தட்டில், குறிப்பாக பேலன்ஸ் வீலுக்கு அடியில், இயந்திரம் செய்த ஆலையின் சின்னமோ எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். டயலை யாரையும் புதுசு பண்ண விடாதீர்கள். நிறம் மங்கிய பழைய டயல், பளபளக்கும் புது அச்சைவிட மேல். விலை பேசுகிறவர் வருடத்தைச் சொல்லி ஆரம்பித்தால், 'இயந்திரம் யார் செய்தது?' என்று மட்டும் கேளுங்கள். என்னிடம் பேசிய ஆசாமி அந்தக் கேள்விக்குப் பிறகு பதிலே போடவில்லை.

அப்படியே மூடியின் உட்பக்கத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கடிகாரத்தைக் கழுவி எண்ணெய் போட்ட ஒவ்வொரு ரிப்பேர்க்காரரும் ஊசியால் ஒரு சின்ன அடையாளம் கீறிவைப்பது பழைய வழக்கம். தேதி, இனிஷியல், இல்லை அவருக்கு மட்டும் புரிகிற ஒரு எண். எங்கள் வீட்டுக் கடிகாரத்தில் நாலு கீறல்கள் இருக்கின்றன. மூன்று ஆங்கில எழுத்தில், பாதி தேய்ந்து. நாலாவது தமிழில், ஒரே ஒரு எழுத்து, 'மு'. யாரென்று கடைப் பெரியவருக்கும் தெரியவில்லை. அச்சை மாற்றி, எண்ணெய் விட்டு, ஐந்தாவதாகத் தன் அடையாளத்தைக் கீறிவிட்டு 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். இப்போது ஓடுகிறது. ஒரு நாளைக்கு நாலு நிமிடம் பிந்துகிறது.